பஸ்ஸிலிருந்து இறங்கியது

பஸ்ஸிலிருந்து இறங்கியது. அவ்வளவுதான். அதற்கு மேல் தாளில் ஒன்றும் இல்லை. யார் இறங்கியது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார் மனிதர். சுலோசனா எழுதும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்ட கையைக் கழுவியதும் உட்கார்ந்தது. நாலு மணிக்கு டி.டி.பி. சென்டரிலிருந்து பியூலா வந்து நிற்பாள், கடைசி அத்தியாயத்தை அவள் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்கிறேன் என்று பதிப்பாளர் கோதண்டம் நேற்றே சொல்லிவிட்டார். ஒரே ஒரு அத்தியாயம். பத்துப் பன்னிரண்டு பக்கம். கல்யாணமான நாளிலிருந்து மாசம் ஒரு நாவல் எழுதிய கை இது, பத்துப் பக்கம் இதற்கு ஒரு பொருட்டா? ஆனால் எழுதியதுதான் இந்தக் கை. சொன்ன வாய் வேறு. வாய் போய்விட்டது, கை மட்டும் மடியில் கிடக்கிறது. நளினியோ விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மழையில் நின்றுகொண்டிருக்கிறாள். கதாநாயகி என்று பெயர், பாவம், நாதியில்லாமல் நிற்கிறாள். அவர் போன அன்றிலிருந்து நிற்கிறாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டு, அழுது, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் நிற்கிறாள். கால் வலிக்காதா அவளுக்கு? மூன்று நாளாகத் தினமும் இப்படி உட்கார்ந்து, தினமும் அவளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள் சுலோசனா. பஸ்ஸிலிருந்து இறங்கியது.

அவள் புருஷன் சதாசிவம் ஒருநாளும் உட்கார்ந்து கதை சொன்னதில்லை. உட்கார்ந்து சொன்னால் கதையும் உட்கார்ந்துவிடும் என்பார். ஆபீசிலிருந்து வந்து, கால் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தால், இவள் பீரோவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து எழுதுவாள். ரிடையரான பிறகும் அதே நடைதான். வேகம் கொஞ்சம் குறைந்தது, மூச்சு கொஞ்சம் வாங்கியது, இவள்தான் கவனிக்கவில்லை. கவனித்தாள், கதை நன்றாக ஓடியதால் நிறுத்தச் சொல்லவில்லை. அதை இப்போது நினைக்கக் கூடாது. நினைத்தால் இன்றைக்கும் ஒரு வரி ஓடாது. எதில் இருந்தாள்? நடை. ஒருநாளைக்கு இவ்வளவு என்று நடந்து முடிந்ததும் வாக்கியத்தின் நடுவிலே நிறுத்திவிடுவார். அது அவருடைய தொழில் ரகசியம். "முடிச்சிட்டுப் படுத்தா கதையும் சேர்ந்து படுத்துடும் சுலோ. பாதியில விட்டுப் பாரு, ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு நமக்காக உக்காந்திருக்கும். காலையில எழுத மூடு இல்லைன்னு சொல்ற பேச்சே வராது." உண்மைதான், வந்ததில்லை. காய்ச்சலிலும் சொல்லியிருக்கிறார், பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காராமல் நடந்துகொண்டே சொல்லியிருக்கிறார். போவதற்கு முந்தின நாளும் வழக்கம்போல நிறுத்தினார். மழை கொட்டுகிறது. நளினி நிமிர்ந்து பார்க்கிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கியது. நின்றுவிட்டார். "யாருங்க இறங்குறது?" என்று கேட்டாள். எப்போதும் கேட்பதுதான், அவரும் எப்போதும் சொல்வதுதான். "நாளைக்குச் சொல்றேன்." காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

நாளைக்கு என்றால் எந்த நாளைக்கு? கேட்க ஆள் இல்லை. ஊருக்குத் தெரிந்தவரை செத்ததே அவள்தான். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். பெண்டாட்டி பேரில் எழுதுவது அந்தக் காலத்தில் ஒரு ராசி. சர்க்கார் உத்தியோகத்துக்கும் பாதுகாப்பு, பெண் வாசகிகளுக்கும் பிடிக்கும் என்று கோதண்டம் சொல்ல, கல்யாணமான புதிசில் அவரும் இவள் பேரை எடுத்துக்கொண்டார். கேட்கக்கூட இல்லை, எடுத்துக்கொண்டார். சேலம், தேனி, திருவாரூர் என்று எங்கெங்கிருந்தோ 'அன்புள்ள சுலோசனா மேடம்' என்று கடுதாசி வரும். அவர் மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டு, மீசையைத் தடவிக்கொண்டு படித்துக் காட்டுவார். "மேடத்துக்குப் பசிக்குது, மேடம் பேருக்குச் சொந்தக்காரி தோசை வாக்கலாமா?" என்பார். போகட்டும். தூக்கிக்கொண்டு போன மறுநாள், பால் வாங்கக் கீழே இறங்கியவள் அயனாவரம் மார்க்கெட் சுவரில் பார்த்தாள். கண்ணீர் அஞ்சலி. எழுத்தாளர் சுலோசனா மறைந்தார். மேலே அவர் படம், கீழே இவள் பேர். பசை காயவில்லை. பால் பாக்கெட் கையில் குளிர்ந்துகொண்டிருக்க, எவ்வளவு நேரம் அங்கே நின்றாளோ தெரியாது. தன் பேர் போட்ட சாவு நோட்டீசைத் தானே நின்று படித்தவள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவரிடம் போய்ச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினாள். பாதி மாடியில்தான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சரி. எழுது. நாலு வரி எழுதினால் காபி. இதுவும் அவர் வித்தைதான், தன்னைத் தானே குழந்தை மாதிரி ஆசை காட்டி இழுப்பது. நாலு வரிக்கு ஒரு காபி, ஒரு பக்கத்துக்கு ஒரு முறுக்கு, அத்தியாயம் முடிந்தால் ராயர் கடை வரை ஒரு நடை. முழு நாவலும் முடிந்தால் மட்டும் வேறு மரியாதை. கடைசி வரியைச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்ப்பார். அப்புறம் திரும்பி, "போடு" என்பார். இவள் முற்றும் என்று போடுவாள். பின்னால் வந்து தோளுக்கு மேல் எட்டி, சரியாகப் போட்டிருக்கிறாளா என்று பார்ப்பார். முற்றும் என்பதில் என்ன சரி, என்ன தப்பு? இருந்தாலும் பார்ப்பார். அவர் சொல்லாமல் இவள் ஒருநாளும் போட்டதில்லை. அது இருக்கட்டும், அது கடைசியில், இப்போது முதல் வரிக்கே வழியைக் காணோம். பக்கத்தில் அட்டைப்படம் கிடக்கிறது. இந்தத் தொழிலில் குழந்தை பிறக்கும் முன்பே பேரும் வைத்துப் படமும் எடுத்துவிடுவார்கள். 'நனைந்த பின் குடை' என்று போன இதழிலேயே விளம்பரம் செய்தாயிற்று. அட்டை சிவகாசியிலிருந்து கட்டுக் கட்டாக வந்தாயிற்று. மழையில் ஒரு பெண், கையில் சிவப்புக் குடை, தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். "குடையே இல்லையேப்பா என் கதையில! எங்கயாவது சொருகித் தொலைக்கணும்" என்று அலுத்துக்கொண்டார். அந்த முதுகு யாருடையது என்று இவள் கேட்டாள். "வரைஞ்சவனுக்கே தெரியாது. நாமதான் மூஞ்சி வைக்கணும்." வைக்காமல் போய்விட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கியது.

போன் அடித்தது. கோதண்டம்தான், வேறு யார்? "அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. முடிஞ்சுதா?" "எழுதிக்கிட்டே இருக்கேன்." "என்ன எழுதிக்கிட்டே இருக்கீங்க, மூணு நாளா இதையேதான் சொல்றீங்க. போன மாசம் பழைய நாவலைப் போட்டு ஒப்பேத்திட்டேன். இந்த மாசமும் போகலேன்னா கடைக்காரன் மேசையில அந்த இடத்துல வேற புக்கை அடுக்கிடுவான், அப்புறம் அது நம்ம இடம் இல்ல. டில்லிபாபு ரெடியா உக்காந்திருக்கான். ஒரே ராத்திரி போதும்கிறான்." டில்லிபாபு கதையில் யார் இறங்கினாலும் கையில் துப்பாக்கியோடுதான் இறங்குவான். "வேணாம், தம்பி. வேற கை பட வேணாம். நாலு மணிக்குக் குடுத்திடறேன்." "அண்ணனுக்காகத்தான் பொறுத்துக்கிட்டிருக்கேன், பாத்துக்குங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நளினி புருஷன் வந்து இறங்கிடணும். சேத்து வெச்சிருங்க. படிக்கிறவங்க அழுதுக்கிட்டே மூடக் கூடாது. கடைசிப் பக்கத்துல, இது சுலோசனாவின் கடைசி நாவல்னு கட்டம் கட்டிப் போடறேன், அழுவுறவங்க அதுக்கு அழட்டும்." வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். மாலையோடு முதலில் வந்தவரும் அவர்தான். சுலோசனாவின் கடைசி நாவல். எந்த சுலோசனாவின்? கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம், யாரோ யாரையோ வரிசையில் வரச் சொல்லித் திட்டும் சத்தம். உலகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

எழுந்து நடந்து பார்த்தாள். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். அவர் நடந்த இடத்தில் நடந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடியது காலில் ஒட்டாதா? நடக்கும்போது ஏதோ வந்த மாதிரி இருந்தது, ஆனால் எழுத ஆள் இல்லை. ஓடிவந்து உட்கார்ந்தால் நடக்க ஆள் இல்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்தால் இப்படித்தான். அவர் குரலை நினைத்துப் பார்த்தாள். 'நளினி நிமிர்ந்து பார்த்தாள்' என்பதை எப்படிச் சொல்வார்? நளினிக்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம் இருக்கும், அது தெரிகிறது. ஆனால் குரல்? குரல் வரவில்லை. இருமல் வருகிறது, செருமல் வருகிறது, "சுலோ, தண்ணி" என்பதுகூட வருகிறது, கதை சொல்லும் குரல் மட்டும் வரவில்லை. இதற்குள்ளாகவா? முப்பது வருஷத்துக்கு மேல் காதில் விழுந்த குரல், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கரைந்துவிடுமா? மறந்துபோனால் பிறகு யாரைக் கேட்பது? முன்பு ஒருமுறை, கதையில் ஒருத்தி அழுதாள் என்று அவர் சொன்ன இடத்தில் இவள், அழவில்லை, கொடியில் இருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள் என்று எழுதிவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை போய்விட்டது. மறுநாள் வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தில் அவர் நடை நின்றது. இவளுக்குத் திக்கென்றது. துணியை மடித்து முடித்தாள், என்று அங்கிருந்தே மேலே சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அங்கங்கே கை போவது வழக்கமாகிவிட்டது, அவர் கண்டுகொள்ளாததும் வழக்கமாகிவிட்டது. அப்படியென்றால் எது அவர், எது இவள்? கொஞ்சமாவது இவளும்தானே? இப்போது ஏன் கை போகமாட்டேன் என்கிறது? சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். இரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியது சேகர். எழுதிவிட்டாள். அப்பாடா. கோதண்டம் சொன்ன மாதிரியே நளினியின் புருஷன் இறங்கட்டும், எல்லாருக்கும் நல்லது. ரெண்டு வருஷம் முன்பு சொல்லாமல் கொள்ளாமல் போனவன் வந்துவிட்டான். எழுத ஆரம்பித்ததும் கை தானாக ஓடியது. சேகர் மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டான். கொஞ்சம் மெலிந்திருந்தான். அவன்தான் முதலில் பேசினான். சாப்பிட்டியா என்று கேட்டான். பேனா பறந்தது, ரெண்டு பக்கம் போனதே தெரியவில்லை, மூச்சு விடக்கூட நேரமில்லை, சேகர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான், தோளைத் தொட்டான், என்ன சுலோ, பயந்துட்டியா என்றான். பேனா நின்றது. என்ன எழுதினாள்? மறுபடி படித்தாள். என்ன சுலோ. நளினி இல்லை. அடித்துவிட்டு நளினி என்று போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கோடு. பேனா நகரவில்லை. அப்போதுதான் பார்த்தாள், சேகருக்குக் கதையில் எங்கேயும் கண்ணாடியே கிடையாது. இறங்கி வந்தது சேகரே இல்லை. அழுகை வந்துவிட்டது. காரியத்தன்றுகூட வராத அழுகை, வாயைப் பொத்திக்கொண்டால் மூக்கு வழியாக வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். வரமாட்டார். அதைத்தான் இத்தனை நாளும் எழுதாமல் வைத்திருந்தாள். யார் இறங்கியது என்று தெரியாதவரைக்கும் அவர் இறங்கக்கூடும் இல்லையா? நளினியை மழையில் நிறுத்தி வைத்தது அதற்குத்தான். தன் ஆசைக்கு ஒரு பெண்ணை இப்படியா கால் கடுக்க நிறுத்துவது? கதையை முடித்துவிட்டால் அவர் சொல்ல வேண்டியது என்று உலகத்தில் எதுவும் மிச்சம் இருக்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த ரெண்டு தாளையும் நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அது அச்சுக்குப் போகிற கதை இல்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இரண்டு பேரும் ஒருமுறை நின்றிருக்கிறார்கள். அதை எப்படி மறந்தாள்? மறக்கவில்லை, நளினி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதால் தெரியவில்லை. திருவண்ணாமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது கடைசி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். மழை. குடை இருந்தது, அவர் பையின் அடியில், வேட்டி சட்டையெல்லாம் எடுத்தால்தான் கிடைக்கும், அதற்குள் இரண்டு பேரும் தெப்பலாக நனைந்தாயிற்று. வறுத்த கடலைப் பொட்டலம் கையில் கூழாகிவிட்டது. தூரத்தில் வெளிச்சம் தெரிந்து பஸ் வந்து நின்றபோது கூட்டமே எட்டிப் பார்த்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கியது கண்டக்டர் மட்டும்தான். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். பஸ் காலி. "பாத்தியா சுலோ, இவ்வளவு நேரம் நாம காத்திருந்தது இந்த ஆளுக்குத்தான்" என்று சதாசிவம் சிரித்தார். அந்த முதுகு போய்க்கொண்டே இருந்தது. முதுகு. சுலோசனா அட்டைப்படத்தை எடுத்துப் பார்த்தாள். சிவப்புக் குடை, மழை, தூரத்தில் ஒரு முதுகு. காதில் அவர் சிரிப்பு கேட்டது. குரல் இல்லை, சிரிப்புதான். அது போதும்.

பஸ்ஸிலிருந்து இறங்கியது கண்டக்டர் மட்டும்தான். எழுதினாள். இந்த முறை பேனா பறக்கவில்லை, நடந்தது. பஸ்ஸுக்குள் விளக்கு எரிகிறது, சீட்டெல்லாம் காலி. நளினி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறாள், பார்த்ததையே மறுபடி பார்க்கிறாள். டீக்கடைக்குப் போகிற வழியில் கண்டக்டர் நின்று, யாரும்மா வரணும், இதான் கடைசி வண்டி என்கிறார். அவள் பையைத் திறந்து, அடியில் கிடந்த குடையை எடுத்து விரிக்கிறாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, புடவை உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. கண்டக்டருக்குச் சிரிப்பு வருகிறது. முழுக்க நனைஞ்சாச்சே, இனிமே எதுக்கும்மா குடை? நளினி சொல்கிறாள், இன்னும் வீடு வரைக்கும் போகணுமே. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார். அவள் ரோட்டைப் பார்த்து நடக்கிறாள். கால் மரத்துப்போயிருக்கிறது, முதல் அடி வைக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. நடுவில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிப் பன்னிரண்டாம் தாளில் வந்து நின்றபோது கை விறைத்துப்போயிருந்தது. இது அவர் வைத்திருந்த முடிவா? தெரியாது. தெரியப்போவதும் இல்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மேடம், குடுத்திடறீங்களா? இல்லேன்னா சார்கிட்ட நீங்களே பேசிடுங்க, என்னால திட்டு வாங்க முடியாது." பியூலா வாசலிலேயே நின்றாள். பல வருஷமாக இந்தக் கையெழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவள். இவள் அழுத முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்தாள். தாள்களை வாங்கியவள் நின்றுகொண்டே கடைசித் தாளைத் தேடி எடுத்தாள். "சென்டர்ல எல்லாருக்கும் இதே பேச்சுதான் மேடம், பஸ்ல இருந்து யாரு இறங்குனாங்கன்னு." படித்தாள். உதடு அசைந்தது. முடிந்த பிறகும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரவே இல்லையா மேடம் அவரு?" "இல்லம்மா." "சார் ஒத்துக்குவாரா?" "அண்ணன் சொன்ன முடிவுன்னு சொல்லு. அட்டையில இருக்கிற முதுகு கண்டக்டரோடதுன்னும் சொல்லு." பியூலா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாள்களை அடுக்கினாள். அப்புறம் கடைசித் தாளை மறுபடி பார்த்தாள். "முற்றும் போடலையே மேடம். பரவால்ல, நானே அடிச்சுக்கறேன்." "வேணாம், குடு" என்று சுலோசனா கை நீட்டி வாங்கினாள். பீரோவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தாளை அட்டையில் மாட்டினாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். தண்ணீர் லாரி போய்விட்டிருந்தது, தெரு சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று தெரியாமல் பியூலாவும் நின்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. "போடு" என்றாள் சுலோசனா. சத்தமாகவே சொன்னாள். "என்ன மேடம்?" "உன்னை இல்லம்மா." பேனாவை எடுத்தாள். தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவருக்கு மறைக்காமல் இருக்கத் தலையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, நிறுத்தி நிதானமாக, முற்றும் என்று எழுதினாள்.